பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

பல்லக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது கிணற்றில் போட்ட கல் என்று சபையில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பெயரைக் கேட்டுத் தப்பாக நினைக்க வேண்டாம், அவளுக்குத் தெத்துப்பல்லும் இல்லை, எடுப்புப்பல்லும் இல்லை. இருபத்தாறு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறாள், அவ்வளவுதான். ஒரு பல் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் அவள் மேசை. கீழேயிருந்து வரும் பிளாஸ்டர் அச்சில் மெழுகால் ஈறு கட்டி, பல் பல்லாக நிறுத்தி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சண்டை போடாமல் உட்காருகிறதா என்று பார்த்து அனுப்புவாள். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அச்சின் அடியில் ஒரு எண் மட்டும் இருக்கும். எண்ணைப் பார்த்தே வேலை பார்த்துப் பழகியதாலோ என்னவோ, பெயர் சொல்லாவிட்டால் ஆள் தெரியாது என்று உறுதியாக நம்பினாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு சபையின் பின்கூடத்தில் பெண்கள் ஜெபக் கூட்டம். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்கும். ஒவ்வொருவராக ஜெபக் குறிப்பு சொல்ல வேண்டும். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா அதை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். அதனால் அவருக்கு நோட்டம்மா என்றே பெயர். அடுத்த வாரம் ஒவ்வொரு குறிப்பாக வாசித்து, "பதில் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்றால் பச்சை மையில் ஒரு டிக். இல்லையென்றால் அடுத்த வாரப் பக்கத்துக்கு மறுபடி எழுதப்படும். சில குறிப்புகள் நாலு வருடமாக இப்படியே பக்கம் மாறிக்கொண்டிருந்தன.

அந்த வட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் விஷயம் என்றால் பெயர் சொல்லக் கூடாது. "ஒரு சகோதரி" என்று தொடங்கி, "பேரு வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்" என்று முடிக்க வேண்டும். ஆண்டவருக்கு மட்டுமா தெரியும்? "கால் ஆபரேஷன் ஆன ஒரு சகோதரர், மூத்த மகன் கோவிச்சுட்டு வீட்டை விட்டுப் போயிட்டான், பச்சைக் கேட் போட்ட வீடு" என்று இத்தனையும் சொன்ன பிறகு ஆளைக் கண்டுபிடிக்க முடியாதவர் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் யாரும் யாரைப் பற்றியும் புறம் பேசவில்லை. ஜெபம் அல்லவா செய்தார்கள்! வெளியே உயிரே போனாலும் வாய் திறக்காத பல்லக்கா, புதன்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் மனதில் கிடப்பதை எல்லாம் கொட்டிவிடுவாள். அதை வெளியே சொன்னதாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

குருவி அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. புதன்கிழமை அவளுக்கு வேலை நேரம்.

குருவி என்பது பல்லக்காவின் சிநேகிதி. மெலிந்த உடம்பு, ஓர் இடத்தில் நிற்காத கால், அதனால் அந்தப் பெயர். பாடுவதால் வந்த பெயர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேரும் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் மனசுக்குள்ள பாடினா ஆண்டவர் சந்தோஷமா ஏத்துக்குவார்" என்று குழுத் தலைவர் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, வயிறு வலிக்க இருவரும் சிரித்தார்கள். அன்றைக்குப் பிடித்த சிநேகம் அது.

குருவி கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். ஒரு முதியோர் இல்லத்தில் துணி அறை அவள் பொறுப்பு. போர்வை, தலையணை உறை, துண்டு என்று மலைபோல் துவைத்து வரும், அதையெல்லாம் மடித்து அலமாரியில் அடுக்க வேண்டும். ஜோடி தொலைந்த ஒற்றைக் காலுறைகள் மாதம் ஒரு பை சேர்ந்துவிடும். அவற்றில் பஞ்சை அடைத்து, பொத்தானைக் கண்ணாகத் தைத்து ஆட்டுக்குட்டி செய்வாள். ஞாயிற்றுக்கிழமை சபையின் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது அவள்தான். ஒரு ஆட்டுக்குட்டியை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, தொலைந்துபோன ஆட்டின் கதையைச் சொல்லி, "எங்கடா போச்சு அது?" என்று அவள் கேட்டால், இருபது பிள்ளைகளும் பெஞ்சுக்கு அடியில் நுழைந்துவிடும். பெரியவர்களின் ஆராதனையில் பிரசங்கம் நடக்கும்போது பக்கத்து அறையிலிருந்து "கிடைச்சிருச்சு!" என்று ஒரே கூச்சலாகக் கேட்கும். பாஸ்டரே ஒரு நிமிடம் நிறுத்திச் சிரிப்பார்.

களிமண் வகுப்பைக் கண்டுபிடித்ததும் குருவிதான். நூலகத்துப் பலகையில் ஒரு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"மண்ணுல தலை செய்யறதுக்குச் சொல்லித் தராங்களாம். பன்னெண்டு சனிக்கிழமை. முன் அனுபவம் தேவையில்லைன்னு போட்டிருக்கு. நமக்குன்னே எழுதின மாதிரி இருக்குடி."

"இந்த வயசுல மண்ணு பிசையணுமா?"

"ஐம்பது ஆயிடுச்சு. இன்னும் நம்ம ரெண்டு பேரும் எதுல தோத்துருக்கோம்? பாட்டுல மட்டும்தானே. இதுலயும் தோத்துப் பாப்போம்."

வகுப்பு ஒரு பொதுக்கூடத்தின் பின்னறையில் நடந்தது. ஒரு காலத்தில் நாற்காலி அடுக்கி வைத்த அறையாம். சுவரெல்லாம் மண் கறை, ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, பின்வாசலுக்கு வெளியே தகரக் கூரைக்கு அடியில் சூளை. சொல்லிக் கொடுத்தவள் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். குட்டை முடியும், முழங்கை வரை மண்ணுமாக இருப்பாள். பயிற்சி இதுதான்: இருவர் இருவராக எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். அரை மணி நேரம் ஒருத்தி அசையாமல் இருக்க, மற்றவள் அவள் தலையை மண்ணில் செய்ய வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பல்லக்காவுக்கு இது கைவந்த கலையாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மெழுகில் பழகிய கை ஆயிற்றே. அவளும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தாள். முதல் வாரமே காதை அச்சு அசலாகச் செய்துவிட்டாள். காதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காது ஒட்டியிருந்த தலை உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

மண் டீச்சர் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க அவங்களைப் பாக்கவே இல்ல. உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதைச் செய்யறீங்க."

"இருபத்திரண்டு வருஷமா பாத்த முகம்மா இது."

"அதான் பிரச்சினை. கொஞ்சம் புதுசாப் பாருங்க."

பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. குருவி அசையக் கூடாது என்பதால் சிரிப்பை அடக்கி அடக்கி, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

நாலாவது சனிக்கிழமை அது நடந்தது. குருவி உட்கார்ந்திருந்தாள், பல்லக்கா அவள் கண்குழியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் குருவி, உதடு அதிகம் அசையாமல்.

"சொல்லு."

"எனக்கு ரெண்டு வருஷமா ஜெபிக்க முடியலடி."

"வேலை அசதியா இருக்கும்."

"அசதி இல்ல. எங்க இல்லத்துல பதினாலாம் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்கன்னு சொல்லியிருக்கேன்ல? தினமும் காலையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஆண்டவர் என்னைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போகணும்னு ஜெபம் பண்ணும்மான்னு கேட்பாங்க. பண்ணினேன். மூணு வருஷம் பண்ணினேன். அந்த மூணு வருஷமும் அவங்க வலியில துடிச்சாங்க. ஒருநாள் போர்வையை மடிச்சுட்டு நிக்கறேன், நான் யார்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்னு தோணிடுச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் கூப்பிட்டா அந்தப் பக்கம் ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

பல்லக்காவின் விரல் கண்குழியிலேயே நின்றுவிட்டது. "அப்ப ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு?"

"கதை சொல்றேன். ஆட்டைத் தேடிப் போனாருன்னு சொல்றப்ப அதுங்க கண்ணு விரியும் பாரு, அந்தப் பத்து நிமிஷம் மட்டும் எனக்கும் உண்மையா இருக்குமோன்னு தோணும். அதை விட்டா இப்ப என் கையில வேற ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சேச்சே. நான் சொல்வேனா?"

வீட்டுக்கு வந்த பல்லக்கா கைமண்ணைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள். சிநேகிதிக்காகப் பயந்தாள், அது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவள் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. ஆறு மணி நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பல்லக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது குருவிதான். பல்லக்காவுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. குருவிதான் ஜெபித்தாள். "இவளுக்கு இவரைத் திருப்பிக் குடுத்துருங்க" என்று, கடைக்காரரிடம் கேட்பதுபோல, திரும்பத் திரும்ப. கணவர் பிழைத்து வந்தார். அந்த ஜெபம்தான் தன் விசுவாசத்துக்கு அஸ்திவாரம் என்று பல்லக்கா அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டு வருடம் என்றாளே. ஒன்றரை வருடம் அதற்குள் அடங்கிவிடுகிறதே. அப்படியானால் அன்றைக்கு வராந்தாவில் ஜெபித்தவள் கேட்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டா ஜெபித்தாள்?

அந்தப் புதன்கிழமை அவள் முறை வந்தபோது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரு பாரம் இருக்கு. பிள்ளைங்களுக்குக் கதை சொல்ற ஒரு சகோதரி. ரெண்டு வருஷமா அவங்களால ஜெபிக்க முடியல. விசுவாசமே ஆட்டம் கண்டுபோச்சு. நம்ம எல்லாரும் பாரத்தோட ஜெபிக்கணும். பேரு வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்."

நோட்டம்மாவின் பேனா ஒரு விநாடி நின்று, பிறகு எழுதியது. சபையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற சகோதரி ஒரே ஒருத்திதான். பல்லக்கா அழுதாள். பக்கத்தில் இருந்தவர்களும் அழுதார்கள். எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்கள். மனது லேசாகி, அன்றைக்கு அவள் வீட்டில் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குருவி இரண்டு மாடி ஏறி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் அங்கே வந்ததே இல்லை. பல்லக்கா மெழுகுக் கத்தியும் கையுமாக எழுந்தாள்.

குருவி உட்காரவில்லை. போனை நீட்டினாள். "படி."

வசனங்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து வரிசையாக வசனங்கள். ரோஜாப்பூ படத்தோடு, சூரிய உதயத்தோடு, கைகூப்பிய பொம்மையோடு. 'உங்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறோம் சிஸ்டர்.' 'திரும்பி வாருங்கள் சிஸ்டர்.' மொத்தம் நாற்பத்தொன்று.

"நேத்து சாயங்காலம் பாஸ்டரம்மா வீட்டுக்கு வந்தாங்க. கையில பழம். நோயாளியைப் பாக்க வர்ற மாதிரி. கொஞ்ச நாள் வகுப்பை விட்டு ஓய்வு எடுத்துக்கோங்கன்னு ரொம்ப அன்பாச் சொன்னாங்க. அந்த அன்பைத்தான் என்னால தாங்க முடியல."

"குருவி, நான் பேரு சொல்லவே இல்லடி. சத்தியமா."

"பேரைத் தவிர எல்லாத்தையும் சொல்லியிருக்க."

"நீ நல்லா இருக்கணும்னுதான்..."

"கடவுள்கிட்டயே சொல்ல முடியாததை உன்கிட்ட சொன்னேன். நீ தனியா உக்காந்து அவர்கிட்ட சொல்லியிருந்தாகூடப் பரவாயில்ல. ஆள் கூட்டி வெச்சு சொல்லியிருக்க." அவள் குரல் உயரவே இல்லை. "என்கிட்ட பத்து நிமிஷம்தான் மிச்சம் இருக்குன்னு சொன்னேனே. அது இப்ப போச்சு."

மேசை மேல் யாருக்கோ தயாரான பல்வரிசை ஒன்று ஈயென்று இளித்துக்கொண்டிருந்தது. குருவி அதை ஒரு பார்வை பார்த்தாள், படி இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலம் வரை பல்லக்கா ஒரே கடைவாய்ப்பல்லை மூன்று தடவை தப்பாக நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டிப் பை, பிள்ளைகள் அறைக் கதவில் மாட்டியிருந்தது. குருவி விடியற்காலையிலேயே வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குப் பதிலாக வந்த சகோதரர் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வசனம் எழுதிப் போட்டார். பிரசங்க நேரத்தில் பக்கத்து அறையில் சத்தமே இல்லை. பல்லக்காவுக்கு அந்த நிசப்தம் தன்னை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்பதுபோல இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மாவை ஓரமாக அழைத்தாள். "அவளைத் திரும்ப வரச் சொல்லுங்க பாஸ்டரம்மா. பிள்ளைங்க ஏங்கிப் போச்சு."

பாஸ்டரம்மா கெட்டவர் அல்ல. கண் கலங்கித்தான் பேசினார். "அவங்களை நிறுத்தணும்னு எனக்கு மட்டும் ஆசையா? தன்கிட்ட இல்லாத ஒண்ணை எப்படிம்மா பிள்ளைங்களுக்குக் குடுக்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

ஒரு வாரத்துக்கு முன்னால் அதே கேள்வியைக் குருவியிடம் கேட்டவள்தானே பல்லக்கா.

நோட்டம்மாவிடம் போனாள். அந்த வரியை மட்டும் அடித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அதெப்படி? எழுதினதை அடிக்கற வழக்கமே இல்ல. பதில் வந்தா டிக் போடுவேன்" என்றார் நோட்டம்மா. முப்பது வருடம் பதிவுத் தபால் பார்த்தவர், வாங்கிய ஒன்றை இல்லையென்று சொல்லப் பழகாதவர்.

அதனால் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த வரி வாசிக்கப்பட்டது. "பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் சகோதரியின் விசுவாசம். பதில் உண்டா?" பதினொரு முகம் பல்லக்காவின் பக்கம் திரும்பும். குருவி விஷயத்துக்கு அவள்தான் நிருபர் என்று ஆகிவிட்டது. "இன்னும் இல்லை" என்று மென்று முழுங்குவாள். போகாமல் நின்றுவிடலாம் என்றால், தன் வாயால் வந்த வினையை விட்டுவிட்டு ஓடுவதற்கும் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். குருவி கதவைத் திறந்தாள், ஆனால் வழி விடவில்லை. "இன்னைக்கு வேண்டாம்" என்றாள். அடுத்த வாரமும் "இன்னைக்கு வேண்டாம்" தான். மூன்றாவது முறை பல்லக்கா போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் ஜெபம் வரவில்லை. காலையில் முழங்காலில் நின்று கண்ணை மூடினால், "ஆண்டவரே, ஒரு சகோதரி" என்றுதான் தொடங்குகிறது. உள்ளே ஒரு வட்டம், பன்னிரண்டு நாற்காலி, தொண்டையைக் கனைத்துக்கொள்கிற தான். இத்தனை வருடமும் அவள் ஆண்டவரிடம் பேசியதெல்லாம் யாரோ கேட்கப் பேசியதா? யாரும் கேட்காத இடத்தில் அவளிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது? குருவி சொன்ன அந்த ஆள் இல்லாத அமைதி இப்போது அவள் வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் போனாள். எதிர் நாற்காலி காலி. குருவி செய்த தலை ஈரத்துணி சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியில் இருந்தது.

"அவங்க வரலேன்னா இது காஞ்சு வெடிச்சிரும். வாரம் ரெண்டு தடவை துணியை நனைக்கணும், எனக்கு நேரம் இல்ல" என்றாள் மண் டீச்சர்.

"நான் நனைக்கறேன்."

உறையைப் பிரித்துத் துணியை எடுத்த பல்லக்கா அப்படியே நின்றுவிட்டாள். இதுவரை குருவி அதை அவளுக்குக் காட்டியதே இல்லை. காது சரியில்லை, ஒரு பக்கம் பெரிதாக இருந்தது. ஆனால் அது பல்லக்காவேதான். புருவத்துக்கு நடுவே எப்போதும் கிடக்கும் அந்தச் சின்னக் கவலை, வேலை செய்யும்போது ஒரு பக்கம் சாயும் கழுத்து, கன்னத்தில் சிரிப்பு தொடங்கும் இடம். இத்தனை பிரியமாகத் தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. மூக்குக்குக் கீழே மட்டும் ஒன்றும் இல்லை. வாய் வைக்க வேண்டிய இடம் வழவழவென்று மொட்டையாக இருந்தது. பல்லக்கா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தும், சனிக்கிழமை காலையும் போய்த் துணியை நனைத்தாள். குருவிக்கு ஒரு செய்தி அனுப்ப எழுதினாள், அழித்தாள், எழுதினாள். கடைசியில் போனது இவ்வளவுதான்: 'உன் மண்ணு காயாம பாத்துக்கறேன்.' பதில் வரவில்லை.

கணவர் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவர். அதிகம் பேசாதவர். ஐந்து வாரம் பார்த்துவிட்டு ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வாயை நீயே வெச்சுட்டு வேலையை முடியேன். எத்தனை பேருக்கு வாய் கட்டின கை?"

"அது அவ வேலைங்க."

"அவ வரலேன்னா?"

"வரலேன்னா வாய் இல்லாமலே இருக்கட்டும்."

பத்தாவது சனிக்கிழமை. பல்லக்கா துணியை நனைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. குருவி கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நேற்றுத்தான் வந்து போனவள்போல உறையைக் கையில் வாங்கிப் பிரித்து, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீ வாய் வெச்சிருப்பன்னு நினைச்சேன்."

"வைக்கல."

"உக்காரு. அசையாதே."

பல்லக்கா உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும் என்று ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக முந்திக்கொண்டு வந்தது. அசையக் கூடாது என்பது விதி. அது அவளைக் காப்பாற்றியது.

குருவி மண்ணை உருட்டி ஒட்டினாள். "மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல. இன்னும் முடியல. மண்ணைக் கெடாம வெச்சிருக்கியே, பாதியில விட வேண்டாமேன்னு வந்தேன்."

பல்லக்கா கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

"நீ ஒண்ணு கேக்கணும்னு நினைச்சுட்டு இருப்ப. ஆஸ்பத்திரி வராந்தா. உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு." குருவி குச்சியால் உதட்டின் ஓரத்தைக் கீறினாள். "அன்னைக்கு யாராவது கேக்கறாங்களான்னு எனக்குத் தெரியாது. கேக்க மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். நீ நடுங்கிட்டு இருந்த. உனக்காகக் கேக்காம என்னால சும்மா இருக்க முடியல. எனக்குன்னா கேட்டிருக்கவே மாட்டேன்."

பல்லக்காவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதையும் துடைக்கவில்லை. ஆள் இல்லை என்று நினைத்த கதவை ஒருத்தி தனக்காக ஆறு மணி நேரம் தட்டியிருக்கிறாள். விசுவாசம் என்றால் என்னவென்று அவளுக்கு இத்தனை நாள் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

குருவி மண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "முந்தாநாள் போர்வை மடிச்சுட்டு இருந்தேன். என்னை அறியாம வாயில 'அப்பா'ன்னு வந்துச்சு. எங்கப்பாவைக் கூப்பிடல, அது எனக்குத் தெரியும். பதில் கிதில் ஒண்ணும் இல்ல. ஆனா கூப்பிட்டேன்." நிமிர்ந்தாள். "இப்பவும் உன்கிட்டதான் சொல்றேன் பாரு. எனக்கு வேற போக்கிடம் இல்ல, அதான்."

அரை மணி முடிந்தது. பல்லக்கா எழுந்து வந்து பார்த்தாள். மண் வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வருகிற மாதிரி.

"மூடி வெச்சுப் பாத்தேன். உன்னை மாதிரியே இல்ல" என்றாள் குருவி.

"பல்லு வைக்கலியே."

"அது உன் டிபார்ட்மென்ட்."

இருவருமே சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம் என்பது இருவருக்கும் தெரிந்தது.

புதன்கிழமை. வட்டம் கூடியது. நோட்டம்மா பக்கத்தைப் புரட்டி வாசித்துக்கொண்டே வந்தார். "பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் சகோதரியின் விசுவாசம். பதில் உண்டா?"

பதினொரு முகமும் திரும்பின. பாஸ்டரம்மா ஆவலாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பல்லக்காவுக்கு நாக்கின் நுனியில் அது இருந்தது. ஒரு வார்த்தை போதும். 'கூப்பிட்டாளாம்' என்று சொன்னால் பச்சை டிக் விழும். எல்லோரும் அழுவார்கள், ஸ்தோத்திரம் சொல்வார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே குருவிக்கு அவளுடைய பத்து நிமிடம் திரும்பக் கிடைத்துவிடும். கதவில் மாட்டிய பை இறங்கும். நல்லதுக்குத்தானே? போன தடவையும் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

"எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

பாஸ்டரம்மா பெருமூச்சு விட்டுச் சாய்ந்தார். நோட்டம்மா அந்த வரியை அடுத்த பக்கத்துக்கு எழுதினார். கிடைக்க வேண்டியதைக் குருவிக்குக் கிடைக்கவிடாமல் செய்தது இப்போது இரண்டாவது தடவை. இந்தத் தடவை பல்லக்கா தெரிந்தே செய்தாள்.

"புதுக் குறிப்பு ஏதாவது?" என்றார் நோட்டம்மா, வழக்கம்போல.

"ஒண்ணு இருக்கு."

"ஒரு சகோதரின்னு போடட்டுமா?"

"வேண்டாம். என் பேரைப் போட்டே எழுதுங்க." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "என் சிநேகிதி என்னை நம்பி ஒண்ணு சொன்னா. நான் அதை இந்த நாற்காலியில உக்காந்து சொல்லிட்டேன். அவளைக் காட்டிக் குடுத்துட்டேன். அதுக்குத்தான்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. அந்த நோட்டில் அதுவரை யாரும் தன் பெயர் போட்டுத் தன் தப்பை எழுதச் சொன்னதில்லை. நோட்டம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதி முடித்தார். பிறகு நிமிர்ந்து, அலுவலகத்துக் குரலில் கேட்டார்.

"இதுக்கு எப்பம்மா டிக் போடறது?"

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் பல்லக்கா. "அவதான் வந்து போடணும்."